படிப்பு முடிந்ததும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்தால், பிறகு மருத்துவமனையில் எடுக்க மாட்டார்களா?

எடுப்பார்கள். ஆனால் எப்படிப்பட்ட இல்லம், முதல் சில வாரம் கூட நின்று யார் கற்றுத்தருவார்கள் என்பதைப் பார்த்துச் சேருங்கள். கையில் இருக்கும் மருத்துவமனை வேலையை உதறிவிட்டு வரச் சொல்லவில்லை. அதற்குள் சண்டைக்கு வர வேண்டாம்.

"அங்கே மாத்திரை கொடுக்கிற வேலைதானே" என்று மருத்துவமனை வார்டில் வேலை பார்ப்பவர்கள் இளக்காரமாகச் சொல்வார்கள். சரி, மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஷிப்டில் இருபது, முப்பது பேருக்குக்கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். விழுங்க முடியாதவருக்குச் சில மாத்திரைகளைப் பொடிக்கலாம். ஆனால் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று போட்ட மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கும். பிரஷர் மாத்திரை என்றால் ஆள் சுருண்டு விழலாம். வயிற்றுக் குழாய் வழியாகக் கொடுத்தால் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கரைத்து, முன்னும் பின்னும் 15 முதல் 30 மி.லி. தண்ணீர் விட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இங்கே உண்மையில் பழகுவது கண். மானிட்டர் கிடையாது, பக்கத்தில் டாக்டரும் கிடையாது. தினமும் வம்பு பேசுகிறவர் இன்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் தூங்கி வழிகிறார் என்றால் "வயசாச்சு" என்று விட்டுவிடக் கூடாது. வயதானவர்களுக்குக் கிருமித்தொற்று இருந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். சுகர் பாருங்கள். சிறுநீர் போனதா, மலம் கழித்து எத்தனை நாள், புதிதாக என்ன மருந்து சேர்த்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். குதிகாலிலும் இடுப்புக்குக் கீழேயும் சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்துங்கள். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கைவிட்டுப் போவது ட்ரிப்ஸ் ஊசி ஏற்றுவது, ரத்தம் ஏற்றுவது, ஈ.சி.ஜி. பார்ப்பது. இவற்றை மருத்துவமனையில் சேர்ந்த பிறகு மறுபடி பிடித்துவிடலாம். உயிர்காக்கும் முதலுதவிச் சான்றிதழை மட்டும் காலாவதியாக விடாதீர்கள்.

சேரும் முன் இதைக் கேளுங்கள்: இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர்? தனியாக விடுவதற்கு முன் எத்தனை ஷிப்ட் கூட நிற்பார்கள்? நடு இரவில் யாருக்கு போன் போடுவது? "அதெல்லாம் போகப் போகப் பழகிடும்" என்று பதில் வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். புதிய நர்ஸை முதல் வாரமே இரவுப் பொறுப்பில் நிறுத்துகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே தவறு நடந்தால் போவது உங்கள் பதிவு உரிமம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையிலிருந்து ஆளைத் திருப்பி அனுப்பும்போது கடைசி வேளை மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவார்கள்? இன்சுலின் போட்டதா இல்லையா என்றே தெரியாமல் ராத்திரி எட்டு மணிக்கு வந்து இறங்குகிறார்கள். மருத்துவமனைக்குப் போன பிறகாவது நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

ஒரு வருடம் கழித்து விண்ணப்பிக்கும்போது "முதியோரைக் கவனித்துக்கொண்டேன்" என்று எழுதாதீர்கள். ஒரு ஷிப்டில் எத்தனை பேர், எத்தனை உதவியாளர்களுக்கு வேலை பிரித்தீர்கள், புண் கட்டு, சிறுநீர்க் குழாய், குழாய் வழி உணவு என்று கணக்கோடு எழுதுங்கள்.