டிக்கெட் பணம் கட்ட முடியாவிட்டால் லைசென்ஸ் போய்விடுமா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு சுமார் 490 டாலர் டிக்கெட். இரண்டு மாதமாக வேலை இல்லை. கட்டாவிட்டால் லைசென்ஸை நிறுத்திவிடுவார்களா? வண்டி இல்லாமல் இன்டர்வியூவுக்குக்கூடப் போக முடியாது."

பணம் கட்டவில்லை என்பதற்காக மட்டும் நிறுத்த மாட்டார்கள். கலிஃபோர்னியா 2017 ஜூனிலேயே அந்த வழக்கத்தைக் கைவிட்டது. ரொம்ப நியாயமான முடிவு அது. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டால் வேலைக்குப் போவது எப்படி, அபராதம் கட்டுவது எப்படி?

ஆனால் பணம் கட்டாதது வேறு, கோர்ட்டுக்குப் பதிலே சொல்லாதது வேறு. பலர் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்தான். பணம் இல்லையே என்ற கவலையில் டிக்கெட்டை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். கெடு தாண்டினால், லைசென்ஸ் வழங்கும் மாநிலத் துறையான டிஎம்விக்குக் கோர்ட் தெரிவிக்கலாம், லைசென்ஸ் முடங்கும். கூடவே 100 டாலர் வரை தாமத அபராதமும் ஏறும். இப்படி முடக்குவதையும் நிறுத்தும் சட்டம் 2022-ல் வந்தது. ஆனால் நடைமுறைக்கு வருவது 2027 ஜனவரி 1 முதல்தான். அதனால் டிக்கெட்டில் உள்ள தேதியை விட்டுவிடாதீர்கள்.

சரி, பணத்துக்கு என்ன வழி? உங்கள் குற்றத்துக்கு அடிப்படை அபராதம் வெறும் 100 டாலர். மீதி எல்லாம் அதன்மேல் ஏற்றப்படும் கூடுதல் கட்டணங்கள். மாநில நீதிமன்றங்களின் 'மைசைட்டேஷன்ஸ்' இணையதளத்தில் உங்கள் வருமான நிலையைச் சொல்லித் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். தவணை, கூடுதல் அவகாசம், சமூக சேவை ஆகியவற்றையும் அதிலேயே கேட்கலாம். மெடி-கால் (மருத்துவ உதவி), கால்ஃப்ரெஷ் (உணவு உதவி) போன்ற அரசு உதவி பெறுபவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் பாதியோ அதற்கு மேலோ குறைய வாய்ப்பு உண்டு. வேலை போனதை வெட்கப்படாமல் எழுதுங்கள். அதற்காகத்தான் அந்தப் படிவமே இருக்கிறது.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அந்த இணையதளத்தில் விண்ணப்பித்தால் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று ஆகிவிடும். தப்பு செய்யவில்லை என்று நினைத்தால் முதலில் வழக்காடுங்கள். தொகை குறைந்தாலும் லைசென்ஸில் தவறுக்கான பாயின்ட் ஏறும், இன்சூரன்ஸும் கூடலாம்.

ஒருவேளை கெடு தாண்டி லைசென்ஸ் ஏற்கெனவே முடங்கியிருந்தால் வண்டியைத் தொடாதீர்கள். தெரிந்தே ஓட்டினால் அது கிரிமினல் வழக்கு. டிக்கெட்டில் உள்ள கோர்ட்டைக் கூப்பிட்டு வழக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் லைசென்ஸ் மறுபடி செல்லுபடியாகிவிட்டதா என்று டிஎம்வியிடம் உறுதிசெய்துகொண்டு வண்டியை எடுங்கள்.