கிரவுனுக்கு எந்த ஆயில்? கேள்வி-பதில்

கே: புது டிப்பர், 3,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போதே கிரவுன் (பின் அச்சைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) ஆயிலை இறக்கிவிட்டு சிந்தெடிக் ஊற்றச் சொல்கிறார் கடைக்காரர். ஊற்றலாமா? (காரைக்குடி)

ப: வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா? கம்பெனியிலேயே சிந்தெடிக் ஊற்றியிருந்தால் பேச்சே இல்லை. சாதா ஆயில் என்றால், கிரவுனும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் பழகும் நாளில் உதிரும் இரும்புத்தூளைச் சுமந்த முதல் ஆயிலை, புத்தகம் சொல்லும் கிலோமீட்டரில் இறக்குங்கள். மாறுவதற்கு அதுவே நேரம். முந்தினால் விலை கூடிய ஆயிலில்தான் அந்தத் தூள் சேரும்.

ஓடிவந்த சூட்டோடு சமதரையில் நிறுத்தி, ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழே வடித்துவிட்டு மேல் பிளக் திறக்கவில்லையென்றால் வண்டி அங்கேயே கிடக்கும். காந்த பிளக்கில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் கவலையில்லை; சில்லு இருந்தால் ஆயிலை மறந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புது ஆயில் ஊற்றும் துவாரத்தின் கீழ்விளிம்பு வரை நின்றால் போதும், கூடினால் நுரைக்கும். பின்னால் இரண்டு ஹவுசிங் (கிரவுன் இருக்கும் பெட்டி) என்றால் இரண்டையும் மாற்றுங்கள்.

கே: ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றும் சின்ன லாரி. தினம் 40 கி.மீ.தான். சிந்தெடிக் தேவையா? (பள்ளத்தூர்)

ப: அளவான லோடு என்றால் தேவையில்லை. புத்தகத்தில் உள்ள சாதா ஜி.எல்.-5 (கியர் ஆயிலின் தரக்குறியீடு) ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுங்கள்.

கே: மிச்சமிருந்த கிரவுன் ஆயிலை கியர்பாக்ஸில் ஊற்றிவிட்டேன். இப்போது கியர் உரசுகிறது. (தேவகோட்டை)

ப: டப்பாவில் ஜி.எல்.-5 என்று எழுதியிருந்ததே, கண்ணில் படவில்லையா? கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.-4 கேட்டிருந்தால் இது ஆகாது; இதன் கந்தகச் சேர்மானம் கியரை உரசாமல் மாற்ற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும். இன்றே இறக்குங்கள்.

கே: பாதி விலைக்கு சிந்தெடிக் என்று வாங்கினேன். இரண்டே மாதத்தில் கரிந்த வாடை. துண்டுச்சீட்டுதான் கையில். சொந்த லாரி, நானே டிரைவர். (திருப்பத்தூர்)

ப: தப்பு உங்களுடையது இல்லை, ஐயா. பெயர்பெற்ற காலி டப்பாவில் கண்டதை நிரப்பி விற்பவர்களைத்தான் சொல்ல வேண்டும். முகப்பில் 'சிந்தெடிக்' என்று கொட்டை எழுத்து, பின்னால் 'செமி' என்று பொடி எழுத்து; இது இன்னொரு வித்தை. மூடி வளையம், பேட்ச் எண், தேதி மூன்றையும் பார்க்காமல் யாரும் காசு கொடுக்காதீர்கள். காலி டப்பாவை எடைக்குப் போடுமுன் ஆணியால் ஓட்டை போடுங்கள். திருட்டுச் சரக்குக்குப் பாத்திரமே நாம் போடும் டப்பாதான்.

வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடைக்காரர் மிரட்டுவார். பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. இரண்டு ஆண்டுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம்; கொடுத்த பணம் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். டப்பா, மிச்ச ஆயில், சீட்டு மூன்றும் பத்திரம்.

கே: பழைய லாரி, பினியன் சீலில் கசிவு. சிந்தெடிக் ஊற்றினால் நிற்குமா? (கானாடுகாத்தான்)

ப: நிற்காது. அடைத்த பிரீதரை (ஹவுசிங்கின் காற்றுப்போக்கி) துடைத்துப் பாருங்கள், பிறகும் கசிந்தால் சீலை மாற்றுங்கள். மலிவு சீல் வேண்டாம். நான் வாங்கியது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.