கான்டியோன் பாட்டில் – கடிதம்

அண்ணா வணக்கம்,

நான் கோயம்புத்தூர்ல ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்கறேன். பிப்ரவரில ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் பிரஸ்ஸல்ஸ் போறேங்க. நான் போறது தெரிஞ்சதுமே பெங்களூர் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அந்த ஊர் பியர் வேணும், கான்டியோன் வாங்கிட்டு வா, ட்ரீ ஃபோன்டேனன் வாங்கிட்டு வா, முடிஞ்சா வெஸ்ட்ஃப்ளேடரன் 12 வாங்கிட்டு வான்னு ஒரு லிஸ்ட்டே அனுப்பிட்டாங்க. அந்தப் பேரையெல்லாம் ஆன்லைன்ல தேடினா விலையப் பாத்து தலை சுத்துது. அதுவும் பாதிக்கு மேல புளிப்பு பியராம்! வேணும்னே கம்மியா தயாரிச்சு டிமாண்ட் ஏத்தி விடற வேலைதானே இது? இல்ல நெஜமாவே அதுல ஏதாவது இருக்கா? நீங்க அங்கெல்லாம் சுத்துனதப் பத்தி முன்னாடி எழுதியிருக்கீங்க, அதான் கேக்கறேன். எங்க போகலாம், எத வாங்கலாம்னும் சொல்லுங்கண்ணா.

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

வேணும்னே கம்மியா தயாரிக்கறாங்களான்னு கேட்டீங்க இல்லையா, அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இல்ல. அவங்க நினைச்சாலும் அடுத்த மாசம் ரெண்டு மடங்கு போட முடியாது, அடுத்த வருஷமும் முடியாது. ஆனா நீங்க ஆன்லைன்ல பாத்த அந்த விலை இருக்கே, அதுக்கும் பியர் காய்ச்சுறவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதுனாலதான் இந்த பியரப் பத்தி பேச்செல்லாம் தப்பாவே போகுது.

உங்க லிஸ்ட்ல இருக்கற முதல் ரெண்டு பேரும் லாம்பிக்ங்கற புளிப்பு பியர் போடற ஆளுங்க. பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்க பயோட்டன்லாண்ட்னு ஒரு பகுதி, அதையும் ஸென் ஆத்துப் பள்ளத்தாக்கையும் சேத்துதான் லாம்பிக்கோட சொந்த ஊரு. கார்ல அரை மணி நேரத்துல கடந்துடற சின்ன இடம். சாதாரண பியர்ல கம்பெனிக்காரன் தனக்குன்னு வளத்து வெச்சிருக்கற ஈஸ்ட்ட அளந்து போடுவான், இங்க அப்படி எதுவும் போடறதில்ல. நம்ம ஊர்ல கள்ளு இறக்கறவங்க யாரும் ஈஸ்ட் வாங்கிக் கலயத்துல போடறதில்லயே, காத்துலயும் கலயத்துலயும் இருக்கறதே மரத்துலேர்ந்து எறங்கற சாற கள்ளாக்கிடுது, அந்த மாதிரிதான் இதுவும். ஆனா கள்ளு ஒரு பொழுதுல புளிச்சிடும், லாம்பிக்குக்கு வருஷக்கணக்குல ஆகும்.

பார்லி மால்ட்டோட முளைகட்டாத கோதுமை மூணுல ஒரு பங்கு, அதோட ரெண்டு மூணு வருஷம் காய்ஞ்சு பழசாகி கசப்பெல்லாம் போன ஹாப்ஸ், அதாவது பியர்ல கசப்புக்காகப் போடற பூ, இத மணிக்கணக்கா கொதிக்க விட்டு, கூரைக்கு அடியில இருக்கற ஒரு அகலமான தொட்டிக்கு ஏத்துவாங்க. கூல்ஷிப்னு பேரு. கான்டியோன்ல இருக்கறது செம்புல செஞ்சது, சுமார் 7,500 லிட்டர் புடிக்கும், ஆனா ஆழம் ரொம்பக் கம்மி. சுவத்துல இருக்கற பலகைத் தடுப்பத் தெறந்து விட்டுட்டா ராத்திரி பூரா குளிர்காத்து மேல வீசிக்கிட்டே இருக்கும், அந்தக் காத்துலயும் அந்தப் பழைய கட்டடத்துலயும் இருக்கற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உள்ள எறங்கிடும். காலையில அத எடுத்து மரப் பீப்பாய்ல நிரப்பிடுவாங்க.

இதுக்கு ராத்திரி குளிரணும். 8 டிகிரிக்குக் கீழ போனாத்தான் நல்லது, ராத்திரி சூடா இருந்தா வேண்டாத கிருமியெல்லாம் பெருகி சரக்கு கெட்டுடும். அதனால அக்டோபர் கடைசில ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும்தான் காய்ச்சுவாங்க, மத்த மாசமெல்லாம் பாட்டில் நிரப்பறது, பழம் ஊற வெக்கறதுன்னு போகும். 2015 நவம்பர்ல ராத்திரி குளிரவே இல்லன்னு கான்டியோன்ல சில நாள் காய்ச்சறதையே நிறுத்திட்டாங்க. மார்க்கெட்டிங்காரன் எவனாவது இந்த மாதிரி ஒரு தொழில டிசைன் பண்ணுவானா சொல்லுங்க.

பீப்பாய்க்குள்ள போனப்புறம் நடக்கறதும் ஒரே ஆளோட வேலை கிடையாது. முதல்ல ஒரு கூட்டம் பாக்டீரியா கொஞ்ச நாள் ஆடும், அப்பறம் சாதாரண ஈஸ்ட் வந்து சர்க்கரையில பெரும்பங்க தின்னுட்டு ஆல்கஹாலாக்கும், சில மாசம் கழிச்சு பீடியோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா வந்து புளிப்பக் குடுக்கும். அந்தக் கட்டத்துல சில பீப்பாய் எண்ணெய் மாதிரி கொழகொழன்னு ஆயிடும், பாத்தா கெட்டே போச்சுன்னு தோணும். கடைசியா ப்ரெட்டனோமைசிஸ்னு ஒரு காட்டு ஈஸ்ட் மெதுவா வந்து அந்தக் கொழகொழப்பையும் சரி பண்ணி, மத்தவங்க விட்ட மிச்சத்தையும் தின்னுட்டு, அந்தப் பழைய தோல், வைக்கோல், எலுமிச்சைத் தோல் வாசனையெல்லாம் குடுக்கும். பூச்சிமருந்து அடிக்க மாட்டாங்க, சிலந்தி வலையக் கூட கலைக்க மாட்டாங்க. ஈ, பழக்கொசுவப் புடிக்கற வேலைய சிலந்திதான் பாக்குது.

இதுல பாட்டில்ல வர்ற முக்கியமான சரக்கு கூஸ். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆன லாம்பிக்க கலந்து பாட்டில்ல அடைப்பாங்க, இளசுல மிச்சமிருக்கற சர்க்கரை பாட்டிலுக்குள்ளயே மறுபடி நொதிச்சு நுரையக் குடுக்கும், பழசு ருசியக் குடுக்கும். ஊட் கூஸ்னு லேபிள்ல போடணும்னா உள்ள இருக்கறதுல மூத்தது மூணு வருஷமாவது ஆகியிருக்கணும்னு 1997லேர்ந்து ஐரோப்பிய விதியே இருக்கு. அப்போ கணக்குப் போட்டுப் பாருங்க, இன்னிக்கு நீங்க குடிக்கற பாட்டில்ல இருக்கற மூத்த லாம்பிக்க காய்ச்சின ராத்திரி, உலகத்துல எத்தன பேரு இதக் கேக்கப்போறாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இதுக்கு நடுவுல வருஷா வருஷம் பீப்பாய்லேர்ந்து ஆவியாப் போறது ஒரு பங்கு, ருசி சரியா வரலன்னு கழிக்கறது ஒரு பங்கு.

இன்னொண்ணும் சொல்லணும், இந்த பியர யாருமே சீண்டாத காலம் ஒண்ணு இருந்துச்சு. 1960, 70கள்ல ஊர்க்காரங்களே இனிப்புக்கும் லாகர்ங்கற சாதாரண பியருக்கும் மாறிட்டாங்க, கூஸ்லயே இனிப்பக் கலந்து வித்தவங்கதான் பொழைச்சாங்க. 1900ல ஆரம்பிச்ச கான்டியோன்ல மருமகனா வந்த ஜான்-பியேர் வான் ராய் அதுக்கு ஒத்துக்கல. பியர் விக்கல, அப்ப என்ன பண்றதுன்னு 1978ல அந்தப் பட்டறையையே மியூசியமாத் தெறந்து விட்டாரு. வேலை நடக்கற இடத்த ஜனங்க வந்து பாக்கட்டும், அந்த வருமானத்துல தொழில் உயிரோட இருக்கட்டும்னு. இன்னிக்கு அவர் மகன் ஜான் வான் ராய் காய்ச்சறாரு, மியூசியமும் இன்னும் இருக்கு. நீங்க தேடற அந்த பாட்டிலுக்குப் பின்னாடி இந்தப் பிடிவாதம்தான் இருக்கு, அதனாலதான் இத ஹைப்னு யாராவது ஒரே வார்த்தைல தள்ளினா எனக்குக் கோவம் வருது.

ட்ரீ ஃபோன்டேனன் கதை இன்னும் மனச கஷ்டப்படுத்தும். பேர்சல்ங்கற ஊர்ல அப்பாவோட கஃபேயயும் லாம்பிக் கலந்து விக்கற தொழிலையும் எடுத்து நடத்தினவர் அர்மாண்ட் டெபெல்டர். 2009 மே மாசம், பாட்டில்கள் நொதிக்கற சூட்டு அறைல தெர்மோஸ்டாட் பழுதாகி சூடு ஏறிக்கிட்டே போயிருக்கு, யாரும் கவனிக்கல, ஆயிரக்கணக்குல பாட்டில் வெடிச்சுச்சு, வெடிக்காததும் வெந்து கெட்டுப்போச்சு. வருஷக்கணக்கான உழைப்பு ஒரே ராத்திரில போச்சுங்க. மனுஷன் கெட்டுப்போன அந்த பியர வடிச்சு ஒரு ஸ்பிரிட்டாக்கி வித்தாரு, பீப்பாய்ல மிச்சம் இருந்த லாம்பிக்க வெச்சு வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்னு நாலு பருவத்துக்கு நாலு கூஸ் கலந்தாரு, அர்மாண்ட் 4னு அதுக்குப் பேரு. காய்ச்சற வேலையே கொஞ்ச வருஷம் நின்னு போய் அப்பறம்தான் திரும்பவும் ஆரம்பிச்சுச்சு. 2022ல அவர் இறந்துட்டாரு. அந்த நாலு பாட்டில்தான் இன்னிக்கு ஏலத்துல கண்டபடி விலை போகுது, அதுல ஒரு பைசா அவர் குடும்பத்துக்குப் போகாது. நஷ்டத்துலேர்ந்து மீள்றதுக்காக அவர் கலந்த பியர வாங்கிப் பதுக்கி வெச்சு எவனோ சம்பாதிக்கறான்.

அதனால நான் கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணு, ஆன்லைன்ல எவன்கிட்டயும் வாங்காதீங்க. உங்களுக்கு அந்த அவசியமே இல்ல, நீங்கதான் ஊருக்கே போறீங்களே! கான்டியோன் இருக்கறது அண்டர்லெக்ட்ல, பிரஸ்ஸல்ஸ் மிடி ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிடலாம். பிப்ரவரிங்கறது காய்ச்சுற சீசன், உங்க அதிர்ஷ்டத்தப் பொறுத்து அந்த ஆவி வாசனையோடயே பட்டறையச் சுத்திப் பாக்கலாம். சில பாட்டில வெளிய எடுத்துட்டுப் போக விக்க மாட்டாங்க, அங்கயே தெறந்து அங்கயே குடிக்கணும். கோவப்படாதீங்க, மறுவிலை ஆளுங்ககிட்ட சிக்காம இருக்க அவங்க கண்டுபிடிச்ச வழி அது, ரொம்ப சரியான வழி. ஆன்லைன்ல பல மடங்கு சொல்றத அங்க ஒரு டேபிள்ல உக்காந்து நியாயமான விலைல குடிக்கலாம். ஆப்ரிகாட் போட்ட ஃபூ ஃபூன் இருந்தா கேளுங்க. பழம் கெடைக்கற அளவுக்குத்தான் போட முடியும்ங்கறதால அது எப்பவும் இருக்காது, இருந்தா விட்டுடாதீங்க.

ஞாயித்துக்கிழமை காலை சும்மா இருந்தீங்கன்னா ஐஸரிங்கன்னு ஒரு கிராமத்துக்குப் போங்க. அங்க சர்ச்சுக்குப் பக்கத்துல ஒரு பழைய கஃபே, ஞாயித்துக்கிழமையும் சர்ச் விசேஷ நாளும் மட்டும்தான் தெறப்பாங்க, கூஸ் லிஸ்ட் அவ்ளோ நீளமா இருக்கும். ஊர்ப் பெரியவங்க பக்கத்து டேபிள்ல உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க. பழைய பாட்டில் ஒண்ணு கேட்டுப் பாருங்க, படுக்க வெச்சிருந்த பாட்டில நிமித்தாம அப்படியே ஒரு பிரம்புக் கூடைல சாய்ச்சுக் கொண்டாருவாங்க, மேல் மூடியக் கழட்டினா உள்ள கார்க் இருக்கும், அதையும் சாய்ச்ச வாக்குலயே மெதுவா உருவுவாங்க, ஒரு சின்ன பெருமூச்சு சத்தம்தான் வரும். அடியில இருக்கற வண்டல் கலங்கக் கூடாதுன்னுதான் இவ்ளோ நிதானம். முதல் வாய் புளிப்பு பல்லு வரைக்கும் ஏறும். உடனே கிளாஸக் கீழ வெச்சுடாதீங்க, மூணாவது வாய்ல புளிப்பு பின்னாடி போயி பம்ளிமாஸ் தோல், ஈர மரம், கொஞ்சம் உப்புன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும். கூடவே ஒரு துண்டு ப்ரெட்டும் சீஸும் சொல்லிக்கோங்க.

இப்போ உங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டுக்கு வர்றேன். அந்த லிஸ்ட்ல ஒரு பெரிய ஓட்டை, பூன் அதுல இல்லவே இல்ல. ஃப்ராங்க் பூன் 1975ல, எல்லாரும் லாம்பிக் செத்துடுச்சுன்னு விட்டுட்டுப் போன நேரத்துல, இந்தத் தொழிலுக்கு வந்தவர். பெரிய பெரிய மரத் தொட்டில பழசாக்கறாங்க, அளவு ஜாஸ்தி, அதனால சூப்பர் மார்க்கெட்லயே கெடைக்குது, விலையும் கம்மி. ஈஸியா கெடைக்குதுங்கற ஒரே காரணத்துக்காக பெங்களூர் ஆளுங்க கண்ணுக்கு அது படல. மரியாஜ் பார்ஃபேன்னு அவங்க போடற கூஸ் 8 சதவீதம், நல்ல நிதானமான பியர். விலையச் சொல்லாம கிளாஸ்ல ஊத்திக் குடுத்தா பாதிப் பேரு அதத்தான் முதல்ல வெப்பாங்கன்றது என் அபிப்ராயம். டில்கான், ஊட் பேர்சல் ரெண்டும் அதே மாதிரிதான், தைரியமா வாங்குங்க.

வெஸ்ட்ஃப்ளேடரன் 12 வேற ஜாதி. அது லாம்பிக்கே இல்ல, பிரான்ஸ் எல்லைப் பக்கம் ஒரு மடத்துல துறவிங்க காய்ச்சற 10.2 சதவீதம் இருட்டு நிற பியர், உலர் திராட்சையும் கருப்பட்டியும் போட்ட மாதிரி கனமா இருக்கும். மடத்தோட செலவுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் காய்ச்சுவாங்க, மேல காய்ச்ச மாட்டோம்னு முடிவே பண்ணிட்டாங்க. 2005ல ரேட்பியர்ங்கற பியர் ரேட்டிங் வெப்சைட் ஆளுங்க உலகத்துலயே நல்ல பியர்னு சொன்னதும் கார் காரா வந்து நின்னுச்சு, அப்பவும் அளவ ஏத்தல. ரொம்ப காலம் போன்ல சொல்லி, கார் நம்பர் குடுத்துத்தான் வாங்கணும், 2019லேர்ந்து ஆன்லைன்ல பதிவு. வாங்கினவங்க மறுபடி விக்கக் கூடாதுன்னு கேட்டுக்கறாங்க, ஆனா பிரஸ்ஸல்ஸ் டூரிஸ்ட் கடை ஷோகேஸ்ல பூரா அதுதான் நிக்குது. நீங்க இருக்கறது ரெண்டே வாரம், பஸ் புடிச்சு அவ்ளோ தூரம் போக ஒரு நாள் ஒதுக்க முடிஞ்சா மடத்துக்கு எதிர்ல அவங்க கஃபேலயே உக்காந்து குடிச்சுட்டு வாங்க, இல்லன்னா விட்டுடுங்க. ரோஷ்ஃபோர் 10 எந்தக் கடையிலயும் கெடைக்கும், அதுவும் துறவிங்க மடத்துலயே காய்ச்சறதுதான், ருசிலயும் பக்கத்துலயே நிக்கும்.

ஊருக்குக் கொண்டுவர்றதப் பத்தி. இந்தியாவுக்கு ஒரு ஆளுக்கு டூட்டி இல்லாம ரெண்டு லிட்டர்தான், அதாவது 750 மில்லி பாட்டில் ரெண்டு, கூட ஒரு சின்ன 375. கான்டியோன் கூஸ் ஒண்ணு, பூன் ஒண்ணு, சின்னதுல ஒரு க்ரீக், அது செர்ரி ஊற வெச்சது, இப்படி எடுத்தா லிஸ்ட் அனுப்பினவங்க எல்லாரும் ஒரே ராத்திரில ருசி பாத்துடலாம். செக்-இன் பேக்ல ஸ்வெட்டருக்கு நடுவுல நல்லா சுத்தி வைங்க, உள்ள ப்ரெஷர் ஜாஸ்தி. வந்ததும் உடனே தெறக்காதீங்க, பயணத்துல வண்டல் கலங்கியிருக்கும், இருட்டான எடமாப் பாத்து ஒரு ரெண்டு வாரம் அசையாம விடுங்க. கோயம்புத்தூர் மார்ச் வெயில அலமாரி தாங்காது, ஃப்ரிட்ஜ் அடித்தட்டுலயே வெச்சுட்டு, குடிக்கறதுக்கு அரை மணி முன்னாடி வெளிய எடுங்க. ரொம்பச் சில்லுனு குடிச்சா புளிப்பு மட்டும்தான் தெரியும்.