ஆறு நாள் அட்டவணை ஏன் மூன்றாம் வாரத்தில் உடைகிறது?

உடற்பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வயது 38. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. வாரம் ஆறு நாள் என்று அட்டவணை போட்டுத் தொடங்குகிறேன். மூன்றாம் வாரத்தில் நின்றுபோகிறது. இதுவரை நான்கு முறை இப்படி ஆகிவிட்டது. குறை என் மன உறுதியிலா, அட்டவணையிலா?

அட்டவணையில்தான். ஆறு நாள் அட்டவணைகள் பெரும்பாலும் உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போடப்பட்டவை. ஒரு நாள் நெஞ்சும் தோளும், ஒரு நாள் முதுகும் பைசெப்ஸும் (மேல்கையின் முன்பக்கத் தசை), ஒரு நாள் கால், பிறகு அதே சுற்று மறுபடியும். ஆறு நாளும் தவறாமல் வருகிறவருக்கு இது நன்றாகவே வேலை செய்யும். உங்களுக்கு ஒரு வாரத்தில் இரண்டு நாள் தவறி, அவை இரண்டும் கால் நாளாக அமைந்துவிட்டால் அந்த வாரம் காலுக்கு எதுவுமே இல்லை. விட்டதைப் பிடிக்க அடுத்த வாரம் இரட்டிப்பாகச் செய்வீர்கள், உடம்பு வலியில் மூன்று நாள் படுத்துவிடும். நான்கு முறையும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கும்.

நாள் எண்ணிக்கையை முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. கடந்த நான்கு வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரத்திலும் உண்மையாகவே நேரம் கிடைத்திருக்கக்கூடிய நாட்கள் எத்தனை என்று எழுதுங்கள். ஜிம்முக்குப் போய்வரும் நேரம், உடை மாற்றல், குளியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கால் மணி நேரத் தூரத்தில் ஜிம் இருந்தால் 45 நிமிடப் பயிற்சி உங்கள் நாளில் ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். விடை 4, 3, 5, 2 என்று வருகிறதா? சராசரி பார்க்காதீர்கள். இருப்பதிலேயே சிறிய எண்ணான 2-ஐ எடுங்கள். நல்ல வாரத்தில் எந்த அட்டவணையும் ஓடிவிடும். நெருக்கடியான வாரத்தில் தாங்குவதுதான் உங்களுடையது.

அந்த எண் 2 அல்லது 3 என்றால், ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும் பயிற்சி. 4 என்றால் மேலுடல் இரண்டு நாள், கீழுடல் இரண்டு நாள். 5 அல்லது அதற்கு மேல் கிடைக்கிறவர்கள்தான் பகுதி பகுதியாகப் பிரிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

உங்களுக்குப் பொருந்தும் முழு உடம்புப் பயிற்சி இது. டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட். முதுகு வளையாமல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனியும் ருமேனியன் டெட்லிஃப்ட். தண்டால், முடியாவிட்டால் கைகளை மேசை விளிம்பில் ஊன்றித் தண்டால். ஒரு கையால் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுக்கும் ரோயிங். இந்த நான்கிலும் மூன்று மூன்று செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 முறை. ரோயிங்கில் ஒவ்வொரு கைக்கும் அதே கணக்கு. கடைசியில் பிளாங்க், அதாவது முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகை போல் நேராகப் பிடிப்பது, 30 முதல் 45 விநாடி, இரண்டு முறை. செட்டுகளுக்கு இடையே ஒன்றரை நிமிடம் ஓய்வு. ஆறேழு நிமிட வார்ம்-அப்பையும் சேர்த்து 45 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எடையை எப்படித் தேர்வது? செட் முடியும்போது இன்னும் இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் செய்யத் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். ஐந்தாறு மிச்சமிருந்தால் எடை போதாது. ஒன்றுகூட மிச்சமில்லாமல் நடுங்கினால் அதிகம். மூன்று செட்டிலும் 12 முறை, அதுவும் அடுத்தடுத்த இரண்டு பயிற்சிகளில் வந்துவிட்டால் அடுத்த எடைக்குப் போகலாம். எண்ணிக்கை 8-க்கு இறங்கும், அது இயல்பு. டம்பெல்லில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் போவது பார்க்கச் சின்ன அடிதான், ஆனால் ஐம்பது சதவீத ஏற்றம். அங்கே 12-உடன் நிற்காமல் 15 முறை வரும்வரை காத்திருந்து மாறுங்கள். தோள்பட்டை வலியோடு வருகிறவர்களில் பலர் அவசரப்பட்டது இந்த இடத்தில்தான்.

நேரமே கிடைக்காத வாரத்துக்கும் ஒரு வடிவம் வைத்திருங்கள். அதே பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட், கால் மணி நேரம். எடையை மட்டும் குறைக்காதீர்கள். எடை அப்படியே இருந்தால், மூன்றில் ஒரு பங்கு செட்டே சில வாரங்களுக்குப் பலத்தை இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். தவறிய நாளை மறுநாளோடு சேர்த்துச் செய்ய வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: காலையா, மாலையா?

குறுக்கே யாரும் வராத நேரம் எதுவோ அது. மாலையில் உடல் வெப்பம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் பளு இலகுவாகத் தெரியும். காலையில் செய்பவர்கள் வார்ம்-அப்புக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எடையும் தொப்பையும் குறைய வேண்டும். வாரம் நான்கு நாள் கிடைக்கும். நடந்தால் போதுமா, பளு தூக்க வேண்டுமா? வயிற்றுக்குத் தனிப் பயிற்சி உண்டா?

வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும். அதன் மேல் இருக்கும் கொழுப்பை அங்கிருந்து மட்டும் கரைக்காது. கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பதை உங்கள் உடல்தான் தீர்மானிக்கிறது.

70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 முதல் 150 கலோரி செலவாகும். இதைச் சாப்பாட்டில் ஐந்தே நிமிடத்தில் திருப்பி ஏற்றிவிட முடியும். ஆகவே எடை இறங்குவது பெரும்பாலும் சாப்பாட்டு அளவால்தான். அப்படியானால் பளு எதற்கு? சாப்பாட்டைக் குறைத்து நடை மட்டும் போனால், இறங்கும் எடையில் ஒரு பங்கு தசையாகவும் இருக்கும். எண் குறையும், கூடவே பலமும் போகும். பளு தூக்கினால் உடல் தசையை விட்டுக்கொடுக்கத் தயங்கும். நான்கு நாளில் இரண்டைப் பளுவுக்குக் கொடுங்கள், இரண்டை 40 – 45 நிமிட நடைக்கு. மற்ற நாட்களில் பத்து நிமிடத் துண்டுகளாக நடந்து சேருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் பெரியவர்களுக்கு வேண்டும் என்கிறது. மிதமான வேகம் என்றால் நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது.

வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் நல்ல வேகம். தினமும் எடை பார்த்து மனம் வாடாதீர்கள். உடல் நீரின் அளவு மாறுவதாலேயே ஒரு நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். ஏழு நாள் சராசரியை முந்தைய வார சராசரியோடு ஒப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் டேப்பால் அளந்து குறித்துவையுங்கள்.

கேள்வி: வயது 52. படி இறங்கும்போது முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. ஸ்குவாட் பக்கமே போகக் கூடாதா?

முழங்கால் வீங்குகிறது, நடுவில் பூட்டிக்கொள்கிறது, திடீரென்று மடங்கி விழப் பார்க்கிறது – இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சிக்கு முன் மருத்துவர். இல்லையென்றால், மடக்குவதையே தவிர்ப்பது நிலைமையை மோசமாக்கும். படி இறங்கும்போது உடல் எடையை மெல்ல இறக்குவது முன் தொடைத் தசை. ஓய்வில் அது மெலிய மெலிய மூட்டுக்குச் சுமை கூடுகிறது.

உயரமான நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். கையை ஊன்றாமல் எழுந்து, நான்கு விநாடி எடுத்து மெதுவாக உட்காருங்கள். 8 முறை, மூன்று செட், வாரம் மூன்று நாள். பலன் இருப்பதே அந்த மெதுவான இறக்கத்தில்தான், பொத்தென்று உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு மூன்று வாரம் கழித்து உயரம் குறைந்த நாற்காலி. அடுத்ததாக 10 சென்டிமீட்டர் உயரப் பலகையில் ஏறி, மெதுவாக இறங்குவது.

வலிக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மூன்று வரை வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாக வலித்தால் செட்டைப் பாதியாக்குங்கள். சைக்கிள் மிதிப்பவரானால் இருக்கை உயரத்தைப் பாருங்கள். தாழ்வான இருக்கை முழங்கால் சில்லின் மேல் அழுத்தத்தைக் கூட்டும். மிதி அடியில் இருக்கும்போது கால் லேசாக மட்டும் மடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஜிம் போய் இரண்டு மாதம். கை அப்படியே இருக்கிறது, வலிகூட வருவதில்லை. பயிற்சியை மாற்றட்டுமா?

வலியை வைத்து அளக்காதீர்கள். பழகாத வேலையைச் செய்தால் வலிக்கும், பழகிவிட்டால் குறையும். முதல் வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

மாற்றுவதற்கு முன் உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். முதல் வாரம் தூக்கிய எடையையே, அதே எண்ணிக்கையில் இன்றும் தூக்குகிறீர்களா? காரணம் அங்கே இருக்கிறது. குறிப்பேடே இல்லையா, இன்று தொடங்குங்கள்: தேதி, எடை, எத்தனை முறை. எண்கள் ஏறிக்கொண்டிருந்தால் எதையும் மாற்றாமல் இன்னும் ஆறு வாரம் தொடருங்கள். எண்கள் நின்றிருந்தால் தூக்கம், புரதம், வாரத்தில் ஒரு தசைக்கு மொத்தம் எத்தனை செட் என்பவற்றைச் சரிபாருங்கள். செட் பத்துக்கு மிகக் குறைவாக இருந்தால் இரண்டு மூன்று கூட்டலாம். புரதம், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 68. நடைப்பயிற்சி மட்டும் செய்கிறார். பளு தூக்கலாமா?

தூக்கலாம், தூக்கவும் வேண்டும். வயதில் இழக்கும் தசையை நடை மட்டும் காப்பாற்றாது. நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, இரண்டு கையிலும் ஒன்றிரண்டு கிலோ தூக்கி நடப்பது. ஒவ்வொன்றும் இரண்டு செட், வாரம் இரண்டு நாள் போதும். 65-க்கு மேல் சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாளாவது தேவை. சுவரோரம் நின்று ஒற்றைக் காலில் பத்து விநாடி, பிறகு மறு கால்.

மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். எழும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். நெஞ்சுவலி, தலைசுற்றல், இதயக் கோளாறு இருந்தால் மருத்துவர் சம்மதித்த பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். எந்த நேரத்தை வைத்துக்கொள்வது?

கடிகாரத்தை விட்டுவிட்டு, தூங்கி எழும் நேரத்தோடு கட்டிக்கொள்ளுங்கள். எழுந்து ஒரு மணி நேரத்தில் பயிற்சி என்று வைத்தால் ஷிஃப்ட் மாறினாலும் ஒழுங்கு கெடாது. இரவு வேலை முடிந்த கையோடு பளு வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் கவனம் பிசகும், தூக்கமும் தள்ளிப்போகும். ஷிஃப்ட் மாறும் முதல் நாளில் 20 நிமிட நடை மட்டும் போதும்.