பனை ஓலைக் கூடைக்குப் பார்சல் செலவு ஏன் இவ்வளவு ஆகிறது?

முக்கால் கிலோகூட இல்லாத ஓலைக் கூடைக்கு 6 கிலோவுக்கான கட்டணம் கேட்கிறார்களே, ஏன்?

காரணம் ‘பரும எடை’. பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தை எடையாக மாற்றும் கணக்கு இது. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 40 × 30 × 25 பெட்டி என்றால் 6 கிலோ. உண்மை எடை, பரும எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு.

லாரியில் பஞ்சு மூட்டை ஏற்றுவது போலத்தான். கனமே இருக்காது, ஆனால் வண்டி நிறைந்துவிடும், வாடகை குறையாது.

ஆகவே கிலோவுக்கு 10 ரூபாய் கூடினால், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்கள் முடையும் கூடை ஒன்றுக்கு 60 ரூபாய் கூடிவிடும். விலையை ஏற்றினால் வாங்குபவர் பிளாஸ்டிக்குக்குப் போய்விடுவார். ஓலையைக் காயவைத்து, கிழித்து, சாயமேற்றி, விரல் நோக முடைந்தவரின் கூலியில்தான் அந்த 60 ரூபாய் பிடிக்கப்படுகிறது. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று அளவுகளில் முடைந்து விற்றால், ஒரே பெட்டியில் மூன்றும் போகும். விளிம்பு நசுங்காமலிருக்க உள்ளே செய்தித்தாளைக் கசக்கி வையுங்கள்.

‘இலவச டெலிவரி’ என்றால் அனுப்பும் செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது கூடை விலைக்குள்ளோ, முடைந்தவரின் கூலிக்குள்ளோதான் இருக்கிறது.