'எ ரைசின் இன் த சன்' நாடகம் நிறவெறிக் காலத்துக் கறுப்பினக் குடும்பத்தை எப்படிக் காட்டுகிறது?

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதி 1959இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய நாடகம் இது. நிறவெறி என்றதும் அடிதடியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இதில் அது வீட்டுக்குள்ளேயே, இடநெருக்கடியாகவும் கைச்செலவுச் சண்டையாகவும் இருக்கிறது.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் மூன்று தலைமுறை ஒரே சின்னக் குடியிருப்பில். சிறுவன் டிராவிஸுக்குக் கூடத்து சோபாதான் படுக்கை; குளியலறை பக்கத்து வீட்டோடு பொது. முதல் காட்சியில் அவன் பள்ளிக்கு 50 சென்ட் கேட்கிறான். அம்மா ரூத் இல்லை என்கிறாள். அப்பா வால்டர் வீறாப்பாக ஒரு டாலராகவே கொடுத்துவிட்டு, அப்புறம் வேலைக்குப் போகப் பஸ் காசுக்கு மனைவியிடமே வந்து நிற்கிறான். எனக்கு நாடகத்தின் உச்சமே அதுதான்.

இறந்த தாத்தாவின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வருகிறது. பாட்டி லீனா வெள்ளையர் பகுதியில் வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறாள். மீதியை வால்டர் மதுக்கடைத் தொழிலில் போட்டு, கூட்டாளியிடம் ஏமாறுகிறான். இதற்கிடையே அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து லிண்ட்னர் வருகிறார். மிரட்டல் இல்லை, நயமான பேச்சு: கூடுதல் பணம் தருகிறோம், வராதீர்கள்.

இது வெறும் கற்பனை இல்லை. ஹான்ஸ்பெரியின் தந்தையே சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கி, கறுப்பர்களுக்கு விற்கக் கூடாதென்ற ஒப்பந்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனவர். 1940இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.