வெறும் சிப்பி ஓட்டுக் குவியலை வைத்து, ஒரு தீவில் வாழ்ந்த பழங்குடிகளைப் பற்றி எப்படி இவ்வளவு சொல்கிறார்கள்?

எலும்புக்கூட்டைவிடக் குப்பைதான் அதிகம் பேசும். தொல்லியல் என் தொழில் இல்லை. ஆனால் கலிபோர்னியாவின் சேனல் தீவுகளைப் பற்றி எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். அவற்றில் வடபகுதித் தீவுகள் சூமாஷ் என்ற பழங்குடி மக்களின் பூர்வீக மண். (அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2001-ல் தங்கள் மரபுப் பலகைப் படகில் துடுப்புப் போட்டே சாண்டா குரூஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.)

1959-ல் சாண்டா ரோசா தீவில் ஃபில் ஆர் என்பவர் மனிதத் தொடை எலும்புகளைக் கண்டெடுத்தார். வயது சுமார் 13,000 ஆண்டுகள். அப்போது கடல் மட்டம் தாழ்வு, வடபகுதித் தீவுகள் நான்கும் ஒரே நிலம். ஆனாலும் கரைக்கும் அதற்கும் இடையே கடல் இருந்தது. ஆக, ஏதோ ஒரு படகில்தான் வந்திருக்க வேண்டும். பெரிய விஷயம்தான், ஆனால் அன்றாட வாழ்க்கை அதில் தெரியாது.

அதற்கு, தின்றுவிட்டு எறிந்த ஓடுகள் குவிந்த சிப்பி மேட்டுக்குத்தான் வர வேண்டும். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைப்பதால் மீன் முள், பறவை எலும்புகூட மட்காமல் தங்கும். ஓட்டு விளிம்பின் ஆக்சிஜன் ஐசோடோப்பை (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளின் விகிதத்தை) அளந்தால், சிப்பியை எடுத்தபோது கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது, அது எந்தப் பருவம் என்று கணிக்கலாம். மேலடுக்குக்கு வர வர ஓடு சிறுத்தால், ஒன்று கடல் மாறியிருக்கும், அல்லது வளர விடாமல் பறித்துத் தின்றிருப்பார்கள். இன்னொரு அதிர்ஷ்டம், பெருநிலத்தில் வளை தோண்டி அடுக்குகளைக் கலக்கிவிடும் கோஃபர் எலிகள் இந்தத் தீவுகளில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சாண்டா குரூஸ் தீவின் மணிப் பட்டறைகள். ஒலிவெல்லா என்ற சின்னக் கடல் நத்தையின் ஓட்டை உடைத்து, சில்லை வட்டமாகத் தட்டி, செர்ட் என்ற கடினமான கல்லில் செய்த துளைக்கருவியால் ஓட்டை போட்டு, விளிம்பைக் கல்லில் தேய்ப்பார்கள். அந்த மணிதான் பணம். அங்கே மண்ணில் கொட்டிக் கிடப்பவை உடைந்த சில்லுகள், துளைக்கும்போது பிளந்த மணிகள், முனை மழுங்கிய துளைக்கருவிகள். சரக்கு படகேறிக் கரைக்குப் போய்விட்டது, கழிவு தங்கிவிட்டது. ஒரு நாணயச் சாலையின் பின்கட்டைப் பார்ப்பது போல.

ஆண்டுக் கணக்கில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், சிப்பியின் கார்பன் வயது (அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து கணிக்கும் வயது) பல நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும். செய்தியில் பெரிய எண்ணைப் பார்த்தால், அந்தத் திருத்தம் செய்த பிறகு வந்த எண்ணா என்று முதலில் பாருங்கள்.